ஹென்றி டியோங்: போர்க்கப்பல் பாதிரியாரும் கிரிக்கெட்டும் (கேள்வி பதில்)

இங்கிலாந்துக்கு வெளியே கிரிக்கெட் ஆடியதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு, ஹென்றி டியோங் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் பாதிரியாரின் நாட்குறிப்பில் இருக்கிறது. அவரைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: ஐயா, கோயிலில் இருக்க வேண்டியவர் போர்க்கப்பலில் ஏறியது எதற்கு? (கரூர்)

கடன்தான் காரணம். அவரே அதை மறைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் படித்தவர், வார்விக்‌ஷயரில் ஸ்பெர்னால் என்ற சிற்றூரின் குருவானவர், குடும்பஸ்தர். 1675 மே மாதம், ஐம்பதைத் தாண்டிய வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி, அசிஸ்டன்ஸ் என்ற கப்பலில் சேர்ந்தார். கையில் ஒன்றும் இல்லை. மேல்தளத்தில் கண்ணில் பட்ட ஒரு கந்தல் துண்டை எடுத்து பத்திரப்படுத்துகிறார். பிறகு ஒரு கிழிந்த பாய்த்துணியும், இரவில் சிறுநீர் கழிக்க ஒரு மண்சட்டியும் கிடைக்கின்றன. ஒன்றுமே இல்லாதவனுக்கு இதெல்லாம் பெரிய உதவி என்று எழுதுகிறார். அந்த மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான், கிரிக்கெட் வரியில் அல்ல.

கே: கப்பலில் அவருக்கு என்ன சம்பளம்? (தஞ்சாவூர்)

சாதாரண மாலுமிக்குரிய சம்பளம், மாதம் 19 ஷில்லிங். அதோடு கப்பலில் உள்ள ஒவ்வொரு ஆளின் கூலியிலிருந்தும் மாதம் 4 பென்னி பிடித்துப் பாதிரியாருக்குக் கொடுப்பார்கள். கடன்காரருக்கு ஆள் நிறைந்த கப்பல் ஏன் பிடித்தது என்று இப்போது புரியும்.

கே: அவர் பேட்ஸ்மேனா, பந்துவீச்சாளரா? (சேலம்)

அவர் ஆடினார் என்றே நாட்குறிப்பில் இல்லை. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கே: ‘நாங்கள்’ என்றுதானே எழுதியிருக்கிறார்? பிறகு ஆடவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (மதுரை)

ஆடவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆடினார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறேன். நடந்தது இது. கப்பல் இஸ்கெண்டெருன் (இன்றைய துருக்கி) துறைமுகத்தில் நிற்கிறது. அங்கிருந்து டியோங் உள்நாட்டில் ஆலெப்போவுக்கு (இன்றைய சிரியா) போகிறார். கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளோடு வியாபாரம் செய்த லெவன்ட் கம்பெனியின் ஆங்கில வணிகர்கள் அங்கே தங்கி, பட்டும் கம்பளித்துணியும் வியாபாரம் செய்துவந்தார்கள். 1676 மே 6 அன்று, ஆங்கிலத் துணைத்தூதருடன் (கான்சல்) நாற்பது ஆங்கிலேயராவது குதிரையேறி, நகருக்கு வெளியே நான்கு மைல் தள்ளி ஓர் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். பெரிய கூடாரம் போட்டிருந்தது. வாத்து வேட்டை, மீன்பிடி, துப்பாக்கி சுடுதல், கையால் பந்தடித்தல், கிரிக்கெட் என்று பொழுதுபோக்குகளை வரிசையாக எழுதுகிறார். பிறகு விருந்து, பலவகை ஒயின், எலுமிச்சைப் பானம். யார் எதை ஆடினார்கள் என்று ஒரு சொல் இல்லை.

கே: மாலை ஆறு மணிக்குக் களைத்துப்போய்த் திரும்பியதாக எழுதியிருக்கிறாரே? ஆடாமல் களைப்பு எப்படி வரும்? (மதுரை, மீண்டும்)

மே மாத வெயிலில் போக வர எட்டு மைல் குதிரைச் சவாரி, நடுவில் வயிறு முட்ட விருந்தும் மதுவும். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அதுவே போதும். களைத்தது அவர் மட்டுமல்ல, கூட்டம் முழுவதும்தான்.

கே: மதுரைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பார்வையாளராக இருந்தாலும் ஆட்டம் தெரிந்ததால்தானே பெயர் எழுதினார்? (நாகர்கோவில்)

இதை முழுமனதோடு ஏற்கிறேன். எந்த விளக்கமும் தராமல் வேட்டை, மீன்பிடி என்ற வரிசையிலேயே இயல்பாக எழுதிப் போகிறார். ஊரில் பார்த்துப் பழகிய ஆட்டம் என்பதற்கு இதுவே சாட்சி. அந்த அளவோடு நிறுத்திக்கொள்வோம். ‘முதல் கிரிக்கெட் பாதிரியார்’ என்று பட்டம் கொடுத்துவிடாதீர்கள்.

கே: அன்றைக்கு ஸ்கோர் எவ்வளவு? எத்தனை ஓவர்? (ஈரோடு)

எதுவும் பதிவாகவில்லை. இன்றைய ஆட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்காதீர்கள். எழுத்தில் விதிகள் வந்தது 1744இல். அதன்பிறகும் கொஞ்சகாலம் இரண்டு ஸ்டம்புதான். மட்டை ஹாக்கி மட்டை போல் வளைந்திருக்கும், பந்தைத் தரையோடு உருட்டுவார்கள். கையைத் தலைக்கு மேல் உயர்த்தி வீச அனுமதி கிடைத்தது 1864இல்.

கே: ஜெயித்தது எந்த அணி? (வேலூர்)

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: இந்தியாவுக்கும் மாலுமிகள்தான் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தார்களா? (சென்னை)

முதல் பதிவு அவர்களுடையதுதான். 1721இல் குஜராத்தின் காம்பே கரையில் நின்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஆட்கள் தினமும் கிரிக்கெட் ஆடியதாக, அவர்களில் ஒருவரான கிளெமென்ட் டவுனிங் எழுதிவைத்தார். டியோங்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. சேர்த்து முடிச்சுப் போட வேண்டாம்.

கே: மே 6 என்பது நம் நாட்காட்டிப்படியா? (திருச்சி)

இல்லை. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில்தான் இருந்தது. நம் கணக்கில் அது மே 16. நல்ல கேள்வி.

கே: இன்றைய கப்பற்படைப் பாதிரியார் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது? (தூத்துக்குடி)

உங்கள் திருச்சபை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கே: கடன் தீர்ந்ததா? (பாளையங்கோட்டை)

தீரவில்லை. 1676 இறுதியில் திரும்பியவர், 1678இல் மறுபடி கப்பலேறினார். முதலில் பிரிஸ்டல், பிறகு ராயல் ஓக் என்ற கப்பல்கள். இம்முறை மகனையும் அழைத்துப் போனார். 1679இல் ஊர் திரும்பி, 1690இல் ஸ்பெர்னாலிலேயே இறந்தார். நாட்குறிப்பு அச்சேறியது 1825இல்தான். கிடைத்தால் ஆலெப்போ பக்கத்தோடு மூடிவிடாதீர்கள். 1675ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் அதிகாலை நான்கு மணிக்கே கேப்டன் அறைவாசலில் ஊதுகொம்புக்காரர்கள் வாசித்ததையும், அன்றைய சாப்பாட்டுப் பட்டியலையும் அவசியம் படியுங்கள்.