கணினி கேள்வி–பதில்: முப்பதையும் தூக்கிப் போடணுமா?

கேள்வி: எங்கள் அரசு உதவிபெறும் பள்ளியின் லேபில் 30 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. ‘இனிமேல் இதெல்லாம் வேலைக்கு ஆகாது, மொத்தமாக மாற்றுங்கள்’ என்கிறார் சப்ளையர். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பில்தான். மெய்நிகராக்கம், அதாவது ஒரே கம்ப்யூட்டரை மென்பொருள் வழியே பல கம்ப்யூட்டர்களைப் போலப் பயன்படுத்துவது, செய்தால் மின்சாரமும் மின்குப்பையும் குறையும் என்று படித்தேன். எங்களைப் போன்ற பள்ளிக்கு அது ஒத்துவருமா?
– கணினி ஆசிரியை, உடுமலைப்பேட்டை

பதில்: ஒத்துவரும் டீச்சர். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் லாபம் இருக்காது.

முதலில் சப்ளையர் சொல்வதைப் பார்ப்போம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, உண்மைதான். உங்கள் ஐ3-யை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது, அதுவும் உண்மை. அதனால் இயந்திரம் செத்துவிட்டது என்று அர்த்தமா? போர்டும் பிராசசரும் நன்றாகத்தான் இருக்கும். நான் பராமரிப்புக்குப் போகும் லேப்களில் இந்த வயது இயந்திரங்களில் முதலில் போவது ஹார்ட் டிஸ்க், அடுத்தது உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி. அதற்குள் அடைந்திருக்கும் தூசியைப் புளோயரால் ஊதினாலே சில சமயம் உயிர் வந்துவிடும்.

இப்போது மெய்நிகராக்கத்துக்கு வருவோம். இதில் இரண்டு மூன்று வகை உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும், எல்லோருக்கும் பொதுவான சர்வர் என்கிற கம்ப்யூட்டருக்குள் தனியாக ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கிக் கொடுப்பது ஒரு வகை. இது பெரிய நிறுவனங்களுக்கு. ராம் ஏராளமாக வேண்டும், விண்டோஸ் என்றால் லைசென்ஸ் செலவு வேறு. உங்களுக்கு வேண்டாம். இரண்டாவது வகை, ஒரே இயங்குதளத்தில் முப்பது பேரும் தனித்தனிக் கணக்கில் நுழைவது. சத்துணவுக் கூடத்தில் ஒரே அடுப்பில் சமைத்து எல்லோர் தட்டிலும் போடுகிற மாதிரி. மேஜை மேல் இருப்பது தின் கிளையன்ட் என்கிற சின்னப் பெட்டி மட்டும். மூன்றாவது வகையில் இயங்குதளம் சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியே வரும், வேலையை மாணவர் முன்னாலிருக்கும் பழைய கம்ப்யூட்டரே செய்யும். ஹார்ட் டிஸ்க்கே தேவையில்லை. கறாராகப் பார்த்தால் இதை மெய்நிகராக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் லேபுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கம்ப்யூட்டர் ஒன்று மானிட்டரோடு சேர்த்து 70 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு 2,100 வாட். ஆண்டுக்கு 1,000 மணி நேரம் லேப் ஓடினால் 2,100 யூனிட். எல்லாவற்றையும் தின் கிளையன்டாக மாற்றினால், மானிட்டரோடு ஒன்றுக்கு 25 வாட், சர்வருக்கு 150 வாட் என்று மொத்தம் 900 வாட், அதாவது 900 யூனிட். மிச்சம் 1,200 யூனிட். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. ஆக ஆண்டுக்கு ஏறத்தாழ 840 கிலோ மிச்சம். குறைவில்லைதான்.

ஆனால் புதிதாக ஒரு டெஸ்க்டாப்பைத் தயாரிக்கும்போதே நூறு கிலோவுக்கு மேல் கரியமிலவாயு வெளியாகிவிடுகிறது. சப்ளையர் சொல்கிறபடி முப்பது வாங்கினால் மூன்று டன்னுக்கு மேல். அதாவது தின் கிளையன்ட் மூன்றரை ஆண்டுகளில் மிச்சப்படுத்துவதை ஒரே பர்ச்சேஸ் ஆர்டரில் செலவழித்துவிடுவீர்கள். 2004-இல் ஐ.நா. பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பழைய குழாய் மானிட்டரோடு ஒரு கம்ப்யூட்டர் தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ ரசாயனங்களும் 1,500 கிலோ தண்ணீரும் செலவாவதாகக் கணக்கிட்டது. இன்றைய இயந்திரங்களுக்கு எண்கள் மாறும். ஆனாலும் செலவில் பெரிய பங்கு ஒன்று நீங்கள் ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது மாறவில்லை.

அதனால் இருப்பதை இன்னும் நாலைந்து ஆண்டு ஓட்ட வைப்பதுதான் உங்கள் முதல் வேலை. நான் சொன்ன மூன்றாவது வகைக்கு எல்.டி.எஸ்.பி. என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட். 1999-இல் தொடங்கியது, கிரீஸ் நாட்டுப் பள்ளிகளில் பயன்பாட்டில் இருக்கிறது. சர்வராக ஒரே ஒரு நல்ல இயந்திரம் வாங்குங்கள்: ஐ5, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. கூடவே எல்லாக் கம்ப்யூட்டரையும் நெட்வொர்க்கில் இணைக்கும் ஒரு கிகாபிட் ஸ்விட்ச். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், பழைய 100 எம்பி ஸ்விட்சை வைத்துக்கொண்டு முப்பது பேர் ஒரே நேரத்தில் ஆன் செய்தால் பாதி பீரியட் காத்திருப்பதிலேயே போகும். சாஃப்ட்வேரை சர்வரில் ஒருமுறை போட்டால் போதும், முப்பதிலும் வந்துவிடும். பென்டிரைவ் வைரஸ் தொல்லையும் பெரும்பாலும் ஒழியும்.

பாடத்திட்டத்துக்கு, விண்டோஸுக்குப் பதிலாக வரும் லினக்ஸ் இயங்குதளம் சரிப்படுமா என்று தலைமையாசிரியர் கேட்பார். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலேயே லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு இருக்கிறது. சி++, பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தான், ஸ்க்ராட்ச், ஜியோஜீப்ரா, லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் ஓடும். டேலி என்கிற கணக்குப்பதிவு மென்பொருளைச் சொல்லித்தருகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று இயந்திரங்களை, இணைய இணைப்பு இல்லாமல், விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள்.

மின்சாரம்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த முறையில் அது பெரிதாகக் குறையாது. ஆளில்லாத இயந்திரத்தை அணைப்பது, மாலையில் மெயின் ஸ்விட்சை நிறுத்துவது, இதெல்லாம் மன்றப் பிள்ளைகளிடம் விடவேண்டிய வேலை. நம்மைவிடக் கண்டிப்பாகச் செய்வார்கள்.

கேள்வி: நாங்கள் புதிதாகவே லேப் தொடங்குகிறோம். பழைய சரக்கு எதுவும் இல்லை. அப்போதும் இதே பதில்தானா?
– பள்ளித் தாளாளர், தேவகோட்டை

பதில்: இல்லை சார், உங்களுக்குத் தின் கிளையன்ட்தான் என் ஓட்டு. புதிதாக வாங்குவது தவிர்க்க முடியாது என்றால், சின்னதாக வாங்குவது நல்லது. இதில் சோதனை முயற்சி என்று பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டரைப் பல மாணவர்கள் பகிரும் முறையை நாடு முழுக்கப் பள்ளிகளில் கொண்டுவர மாசிடோனியா (இன்றைய வட மாசிடோனியா) 2007-லேயே முடிவெடுத்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ஆந்திரத்தில் 5,000 அரசுப் பள்ளிகளுக்கும் இதே முறை போனது.

இன்னொரு லாபத்தை யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை. கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வருகிறது. முந்தைய கணக்கில் வந்த 2,100 வாட் சூட்டை வெளியேற்றவே ஏசியின் குளிரூட்டும் திறனில் அரை டன்னுக்கு மேல் போய்விடும். 900 வாட் என்றால் கால் டன். லேபுக்கு வடக்குப் பார்த்த அறை கிடைத்தால் ஏசியே இல்லாமல் மின்விசிறியோடு சமாளிக்கலாம். யுபிஎஸ்ஸும் சின்னதாகப் போதும். பாட்டரிகளும் ஈயம்தானே, அந்தக் குப்பையும் குறையும்.

பலவீனங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வர் படுத்தால் வகுப்பு முழுவதும் படுத்துவிடும். அதனால் சர்வர் டிஸ்க்கின் நகல் ஒன்று தயாராக இருக்க வேண்டும். அப்புறம் வீடியோ. முப்பது பேரும் ஆளுக்கொரு வீடியோ ஓடவிட்டால் சர்வர் திணறும். வீடியோ பாடத்துக்கு ஒரு புரொஜெக்டர் போதும்.

கேள்வி: எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியே வேறு எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களில், வைத்துவிட்டால் பள்ளியில் மின்சாரமே செலவாகாதே?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சிதம்பரம்

பதில்: செலவு பள்ளி மீட்டரிலிருந்து வேறு ஊர் மீட்டருக்கு மாறும், அவ்வளவுதான் கண்ணு. பெரிய டேட்டா சென்டர்கள் சிக்கனமாக இயங்குபவை, அதை மறுக்கவில்லை. ஆனால் உன் முன்னால் ஒரு திரையும் கீபோர்டும் எப்படியும் வேண்டும். இணையம் போனால் அன்றைக்கு வகுப்பும் போகும்.

கேள்வி: பள்ளி ஸ்டோர் ரூமில் பழைய குழாய் மானிட்டர்கள் 12 கிடக்கின்றன. காயலான் கடைக்காரர் நல்ல விலை தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?
– அலுவலக உதவியாளர், மேலூர்

பதில்: கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் செம்புக் கம்பி. கண்ணாடியை உடைத்து எங்காவது கொட்டிவிடுவார். அந்தக் கண்ணாடியில் ஈயம் கிலோ கணக்கில் இருக்கிறது, உள்பக்கப் பூச்சும் மூச்சில் போகக் கூடாதது. மின்கழிவை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் புதிய மின்கழிவு விதிகள் நடப்பில் இருக்கின்றன. மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் பட்டியல் கேளுங்கள். அதற்கு முன்னால் இருப்புப் பதிவேட்டில் கண்டம் செய்ததற்கான, அதாவது பயனற்றது என்று கழித்ததற்கான, ஒப்புதலை வாங்கிவிடுங்கள், தணிக்கையில் பொருள் எங்கே என்று உங்களைத்தான் கேட்பார்கள். அதுவரை நனையாத இடத்தில், முகம் சுவர் பக்கம் இருக்கும்படி அடுக்கி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் வேண்டாம்.