டெங்கு, பிளேட்லெட், ஒரு பக்கப் பதில்

கொழும்பில் மருத்துவ அதிகாரியாக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: 'டெங்கு நோயாளிக்கு பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) ஏற்றுவது பற்றி ஒரு மருத்துவ இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி அனுப்பினேன். பதிலைக் காணவில்லை என்று திருப்பிவிட்டார்கள். 40 ஆய்வுகளைக் காட்டியும் இப்படியா?'

அந்த 40-தான் கோளாறு, தம்பி. பதில் அதற்குள் புதைந்துவிட்டது.

நீங்கள் வைத்த 'டெங்குவில் பிளேட்லெட்டின் பங்கு' வெறும் தலைப்பு. வாட்டில் கேள்வி எப்படி வரும்? தாயார் ரிப்போர்ட்டை நீட்டி, "டொக்டர், மகனுக்கு 18,000 எண்டு கிடக்கு, ஏத்த மாட்டீங்களா?" என்பார். அதையே பிக்கோவில் (PICO: கேள்வியை நான்கு கூறாகப் பிரிக்கும் முறை) போடுங்கள். யாருக்கு: பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே, தொடர் இரத்தப்போக்கு இல்லாத வயது வந்தவருக்கு. எதை: முன்கூட்டியே பிளேட்லெட். எதோடு ஒப்பிட்டு: வழமையான பராமரிப்பு மட்டும். எதற்காக: இரத்தப்போக்கு குறைகிறதா? இந்தக் கடைசி இடத்தில்தான் பலர் வழுக்கி, எண்ணிக்கை ஏறியதா என்று எழுதிவிடுகிறார்கள். அது லேப்பின் கவலை.

சரி, இனித் தேடல். முதலில் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் நூலகம், பிறகு மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட். தேடிய சொற்களையும் தேதியையும் குறித்து வையுங்கள், மதிப்பாய்வாளர் கேட்பார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அகப்படும். 372 பேர். ஏற்றியவர்களில் 21 சதவீதம், ஏற்றாதவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரத்தப்போக்கு. 'ஐந்து குறைந்தது' என்று எழுதக் கை துடிக்கும். நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) பூச்சியத்தின் இரு பக்கமும் கிடக்கிறது, அதாவது குறைந்திருக்கலாம், கூடியும் இருக்கலாம்; எழுத முடியாது. பாதக விளைவுகளோ ஏற்றியவர்களிடம் 13, மற்றவர்களிடம் 2.

இப்போது முதல் வரியிலேயே பதிலைச் சொல்லுங்கள்: 'இல்லை. இரத்தப்போக்கு இல்லாத வயது வந்தவருக்கு எண்ணிக்கைக்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவது பலன் தருவதாகத் தெரியவில்லை, பாதகம் கூடுகிறது.' எண்கள் அதற்குக் கீழே. அப்புறம் குறை: யாருக்கு ஏற்றினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு இது.

பப்பாளி இலைச் சாறு பற்றிய பந்தியை எடுத்துவிடுங்கள், அது தனிக் கேள்வி. சிறுவர்களுக்கும் பொருந்தும் என்று நீங்கள் எழுதிய வரியையும் வெட்டுங்கள். அந்த ஆய்வில் ஒரு பிள்ளைகூட இல்லை. கொழும்பு பொரளையில் சிறுவர் வாட்டில் இரவு டியூட்டியில் நிற்பவரும் உங்கள் பதிலை வாசிப்பார்.