ஒரு கணக்குப் பிழைக்கு எத்தனை மார்க் போகும்?

ஒரே ஒரு கணக்குப் பிழைக்காக மகளின் அறிவியல் விடைக்கு மார்க்கே கொடுக்கவில்லையே, இது சரியா என்று அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அக்காவாகவே சொல்கிறேன். திருநெல்வேலியில் சமச்சீரில் படித்த மகளை டெல்லியில் சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பில் சேர்த்த மூன்றாம் மாதமே இப்படி ஒரு பேப்பர் வந்தால் மனசு கலங்கத்தான் செய்யும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தேன். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் போட்டு 5 நொடியில் நிற்கிறது. முடுக்கம் எவ்வளவு, எவ்வளவு தூரம் போய் நின்றது என்று கேள்வி. வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று மாற்ற, 72-ஐ 5/18-ஆல் பெருக்கினால் 20 வர வேண்டும். அவள் 25 என்று போட்டுவிட்டாள். அதற்கப்புறம் ஃபார்முலா சரி, எண்களைப் போட்டது சரி, மைனஸ் குறிகூட சரி. விடை 50 மீட்டருக்குப் பதில் 62.5. டீச்சர் மூன்று மார்க்குக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில் இப்படித் திருத்த மாட்டார்கள். திருத்துபவர்களுக்குக் கொடுக்கும் மார்க்கிங் ஸ்கீமின் பொதுக் குறிப்புகளிலேயே இருக்கிறது: ஒரு பிழைக்கு ஒரு தடவைதான் மார்க் குறைக்கலாம், அந்தப் பிழையால் பின்னால் வரும் தப்புகளுக்கெல்லாம் திரும்பத் திரும்பக் குறைக்கக் கூடாது. ஃபார்முலாவுக்கு, எண்களைப் போட்டதற்கு, விடைக்கு என்று தனித்தனியாக மார்க் பிரித்திருப்பார்கள். உங்கள் மகளுக்கு அந்த 25 வந்த இடத்தில் மட்டும்தான் போயிருக்கும். யூனிட் எழுதாவிட்டால் பெரும்பாலும் அரை மார்க் போகும், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு மார்க் கேள்விகளில் மட்டும் இப்படிப் படிப்படியாகக் கொடுக்கும் ஸ்டெப் மார்க் கிடையாது. அங்கே கணக்கு தப்பினால் மார்க் போனதுதான்.

ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பேப்பர் பள்ளிக்கூடமே வைப்பது, பள்ளிக்கூடமே திருத்துவது. சில டீச்சர்கள் கடைசி விடையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குழந்தை பக்கம் நியாயம் இருக்கும்போது பேசாமல் வரக் கூடாது என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் பையன் பத்தாவது படிக்கும்போது, 4 ஓம், 12 ஓம் மின்தடைகளை இணையாக இணைத்தால் மொத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. மனசுக்குள்ளேயே போட்டு "4 ஓம்" என்று ஒரே வரி எழுதிவிட்டு வந்தான். சரியான விடை 3. அன்றைக்குப் பிடிஎம்-இல், அதாவது பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில், டீச்சர் அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி, விடைக்கு மேலே காலியாகக் கிடந்த இடத்தை விரலால் காட்டினார். 1/4 + 1/12 என்று எழுதியிருந்தாலே கொஞ்சம் கொடுத்திருப்பேன், எதற்குக் கொடுப்பது என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அன்று இரவிலிருந்து வீட்டில் எந்தக் கணக்கு போட்டாலும் கேள்வியில் கொடுத்தது, ஃபார்முலா, எண், விடை, யூனிட் என்று ஒவ்வொன்றும் தனி வரியில் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் பெருக்கல், வகுத்தலையும் பக்கத்திலேயே தெரியும்படி போடச் சொன்னேன்.

இப்போது செய்ய வேண்டியது: பழைய பத்தாம் வகுப்பு அறிவியல் மார்க்கிங் ஸ்கீம்கள் சிபிஎஸ்இ தளத்திலேயே இருக்கின்றன. ஒன்றைப் பிரின்ட் எடுத்து, அந்தப் பொதுக் குறிப்பை அடிக்கோடிட்டு, விடைத்தாளோடு பிடிஎம்-க்கு எடுத்துப் போங்கள். இந்தி வரவில்லையே என்று தயங்க வேண்டாம். "மேம், ஸ்டெப் மார்க்ஸ் மிலேங்கே க்யா?" (ஸ்டெப் மார்க் கிடைக்குமா?) என்று கேட்டுவிட்டு அந்த 25-ஐத் தொட்டுக் காட்டினால் போதும், மிச்சத்தைத் தாளே சொல்லிவிடும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தப்பு எந்த வரியில் என்று அவளே டீச்சரிடம் சொல்லட்டும்.