உண்ட வீட்டுக்கு ரெண்டகமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை, தெருமுனையில் ஆர்.ஓ. குடிநீர், ஆண்டுதோறும் கண் சிகிச்சை முகாம் எல்லாம் பக்கத்துத் தொழிற்சாலைதான் செய்து தருகிறது. அதன் கழிவுநீரைப் பற்றி வாய் திறந்தால், “உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யாதே” என்று ஊர்ப் பெரியவர்களே அடக்குகிறார்கள். அரசாங்கம் செய்யாததைச் செய்பவர்களைக் குறை சொல்வது நியாயமா?
- வாசகர், ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்: ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அந்த வகுப்பறையை யாரும் மனமிரங்கிக் கட்டித் தரவில்லை. 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு லாப சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆரம்பத்தில், செலவிடாவிட்டால் காரணம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரியிலிருந்து அபராதமே உண்டு. வருமான வரி கட்டியவருக்கு யாராவது மாலை போடுகிறார்களா?

நாடு முழுக்க இப்படிச் செலவாகும் பணம் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கும் மேல். இதில் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கண் முகாமில் பார்வை திரும்பிய பாட்டியிடம் போய்ச் சட்டப் பிரிவைப் பேச முடியுமா? ஆனால் வேடிக்கைகளும் உண்டு. ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 146.83 கோடியைக் குஜராத்தின் படேல் சிலைக்குக் கொடுத்துவிட்டு, அதையும் சமூகப் பணிக் கணக்கில் எழுதின. அது பாரம்பரியச் சின்னமே இல்லையே என்று மத்தியத் தணிக்கை அமைப்பான சி.ஏ.ஜி. பிற்பாடு கேட்க வேண்டியிருந்தது.

சரி, உங்கள் தெருமுனைக்கு வருவோம். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை மாயமாக்குவதில்லை. ஒரு பங்குத் தண்ணீரிலிருந்து பிரித்து இன்னொரு பங்கில் ஏற்றி வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருநாள் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் சாக்கடை, இல்லாவிட்டால் வெறும் மண். அப்புறம், சமூகப் பணிப் பணத்தில் உருவான சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. பொது அமைப்பிடமோ, அறக்கட்டளையிடமோ, பயனாளிகளிடமோ ஒப்படைக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் பல ஊர்களில் ஊராட்சியின் கைக்கு வந்து சேர்வது மின் கட்டணமும், உப்பை வடிகட்டும் மெம்பிரேனை மாற்றும் செலவும். கல்வெட்டில் இருக்கும் கம்பெனிப் பெயர் மட்டும் அப்படியே இருக்கும். இத்தனைக்கும் நடுவில், கிணற்றுத் தண்ணீர் ஏன் குடிக்க முடியாமல் போனது என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது.

அது தற்செயலாகக் காணாமல் போகவில்லை. கம்பெனி தன் வழக்கமான தொழிலுக்காகச் செய்யும் வேலை சமூகப் பணிக் கணக்கில் வராது என்பது விதி. அதாவது, தன் கழிவைத் தானே சுத்திகரிப்பது அந்தக் கணக்கில் சேராது. சேரக்கூடாதுதான், அது அவர்கள் அன்றாடம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் இதன் விளைவு என்ன? வண்ணப் படங்களோடு வரும் சமூகப் பணி அறிக்கையில் புகைபோக்கி, கழிவுநீர், ஒப்பந்தத் தொழிலாளி எதற்கும் இடமே இல்லை. நாம் அதைப் படித்துவிட்டு ‘நல்ல கம்பெனி’ என்று சான்றிதழ் கொடுக்கிறோம்.

கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்து வந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 1980-களில் பாம்பார் சோலைக்கு மேலே உட்கார்ந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி, பாதரசத்தோடு டன் கணக்கில் கிடந்ததைச் செயற்பாட்டாளர்கள் ஊருக்குக் காட்டினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா திரும்பியது.

இதற்குள் அதே நிறுவனம் கிராமத்துப் பெண்களை விற்பனையாளர்களாக்கும் ‘சக்தி’ திட்டத்தால் புகழ் பெற்றுவிட்டது. கை கழுவச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரமும் நடந்தது. 2013 கும்பமேளாவில் லட்சக்கணக்கான ரொட்டிகளில் ‘லைஃப்பாயில் கை கழுவியாச்சா?’ என்று சூட்டு முத்திரையே குத்தினார்கள். சோப்பு விளம்பரம் எங்கே முடிகிறது, சுகாதாரம் எங்கே தொடங்குகிறது என்று ரொட்டியைத் தின்றவருக்கே தெரிந்திருக்காது. தாய் நிறுவனமான யூனிலீவர் 2010-ல் அறிவித்த நீடித்த வாழ்வுத் திட்டத்தை மேலாண்மைக் கல்லூரிகள் பாடமாக வைத்தன.

கொடைக்கானல் தொழிலாளர்கள் 591 பேருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2016 மார்ச்சில். அதற்கு முந்தைய ஆண்டு இந்தப் பாதரச மாசைப் பற்றிய ஒரு ராப் பாட்டு இணையத்தில் பரவிய பிறகு! பாதரசத்தால் தொழிலாளர்களின் உடல்நலம் கெட்டதற்கு ஆதாரமில்லை என்பதே கம்பெனியின் நிலைப்பாடு. ஆகவே கொடுத்த பணத்தையும் இழப்பீடு என்று சொல்லவில்லை. வாழ்வாதார மேம்பாடு, திறன் மேம்பாடு ஆகியவற்றுக்கான கருணைத் தொகை என்றார்கள். சமூகப் பணி அறிக்கையில் வரும் அதே சொற்கள்தான், கவனித்தீர்களா?

இதில் உங்கள் ஊர் யாருக்கும் பின்தங்கியதில்லை. பாலாற்றைத் தோல் ஆலைக் கழிவு கெடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டது வேலூர்க் குடிமக்கள் அமைப்பு. அந்த இழப்பீடு பற்றி 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது என்பது வேறு சோகம்.

அரசாங்கம் செய்யவில்லை என்கிறீர்கள். உண்மைதான். பள்ளிக்கூடத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றால் ஆட்சியாளருக்கும் நிம்மதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நிம்மதி. ஒரே மேடையில் வாரிய அதிகாரியும் ஆலை மேலாளரும் சேர்ந்து ரிப்பன் வெட்டினால், மறுவாரம் அந்த அதிகாரி எந்த முகத்தோடு கழிவுநீர் மாதிரி எடுக்கப் போவார்?

குறை சொல்லுங்கள், ஆனால் காகிதத்தோடு போய்ச் சொல்லுங்கள். கம்பெனி பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் ஆயிரத்துக்குள் இருந்தால், சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி 2022-23 முதல் ஆண்டறிக்கையோடு பி.ஆர்.எஸ்.ஆர். என்ற இன்னொரு அறிக்கையும் தர வேண்டும். அதில் எடுத்த தண்ணீர், வெளியேற்றிய கழிவு, ஊர்மக்கள் கொடுத்த புகார் எத்தனை, தீர்க்காமல் கிடப்பது எத்தனை என்று இருக்கும். ஊர்மக்கள் புகார் ஏதும் இல்லை என்று போட்டிருந்தால், இதுவரை எழுத்தில் கொடுக்காதது உங்கள் தவறு. சிறிய கம்பெனியானாலும் ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணை இருக்கும்; அதன் நிபந்தனைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.