மாரிகாலத்துப் பண்டிகை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸைப் பற்றியவை. அவற்றில் நான்கினை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். என் கணவர் வீட்டார் செல்லும் சபையில் கிறிஸ்துமஸ் ஆசரிப்பதில்லை. எரேமியா 10ஆம் அதிகாரத்தைக் காட்டி, மரம் வைப்பதும் நட்சத்திரம் கட்டுவதும் விக்கிரக ஆராதனை என்கிறார்கள். பிள்ளைகளோ பக்கத்து வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்து ஏங்குகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எரேமியா அந்த அதிகாரத்தில் கண்டிப்பது, காட்டில் வெட்டிய மரத்தைத் தச்சன் செதுக்கி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணியடித்து நிறுத்தி, பிறகு அதற்கே பயப்படும் வழக்கத்தைத்தான். அது பேசாது, நடக்காது, யாராவது சுமந்தால்தான் நகரும் என்று அடுத்த வசனத்திலேயே சொல்லிவிடுகிறார் என்பதால், பேச்சு சிலையைப் பற்றியது என்பதில் ஐயமில்லை. ஜெர்மானிய வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் நுழைந்ததோ எரேமியாவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த வசனத்தை இந்த மரத்தோடு முடிச்சுப் போடுவது பொருந்தாது.

அதற்காக உங்கள் கணவர் வீட்டாரை அறியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். டிசம்பர் 25 என்ற தேதி வேதத்தில் எங்கும் இல்லை. அதைக் குறித்திருக்கும் ரோமாபுரியின் பழைய பட்டியல் கி.பி. 354இல் தொகுக்கப்பட்டது. இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் கை ஓங்கியிருந்த காலத்தில், 1647இல், நாடாளுமன்றமே இந்தப் பண்டிகையை ஒழித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே இருந்தது. குடியும் கூத்தும் ஆண்டவரின் பெயரால் நடக்கின்றனவே என்பதும் அவர்களின் மனக்குறைகளில் ஒன்று, அந்தக் குறையை இன்றைக்கும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

ஆனாலும், வேதம் கட்டளையிடாத பண்டிகையெல்லாம் விலக்கப்பட்டது என்று அவர்கள் வாதிட்டால், யோவான் 10ஆம் அதிகாரம் 22, 23ஆம் வசனங்களைச் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நடந்த நாளில் இயேசு சாலொமோனின் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. அந்தப் பண்டிகை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லை. தீட்டுப்படுத்தப்பட்ட ஆலயத்தைக் கி.மு. 164இல் மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் சுத்திகரித்ததன் நினைவாக மனிதர் ஏற்படுத்திக்கொண்டது. நம் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘மாரிகாலமுமாயிருந்தது’ என்கிறது. பனி பெய்யும் நாட்டார் அதைக் குளிர்காலம் என்று வாசிப்பார்கள். ஆனால் எருசலேமில் மழை பெய்வதும் அப்பருவத்தில்தான் என்பதால், மொழிபெயர்த்தவர்கள் ஒரே சொல்லில் ஊரையும் காட்டிவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் நட்சத்திரத்தின் வண்ணக் காகிதம் ஊறிக் கிழிந்து, மூங்கில் குச்சி மட்டும் வாசலில் தொங்குவதைப் பார்த்த நமக்கு அந்தச் சொல் இன்னும் நெருக்கமானது.

நாட்களை விசேஷமாக எண்ணுகிறவனும் எண்ணாதவனும் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்று ரோமர் 14இல் பவுல் சொல்வது உங்கள் இரு தரப்புக்கும் பொருந்தும். மரத்தை விட்டுக்கொடுங்கள், அது நமக்கு வந்து சேர்ந்த வழக்கம்தான். நட்சத்திரத்தைப் பற்றிக் கணவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். டிசம்பர் மாதக் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் அதை வரிசையாக வாசிப்பதை உங்கள் மாமனார் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: டிசம்பர் முதல் தேதியிலேயே வீட்டில் நட்சத்திரம் ஏறிவிடுகிறது. அப்புறம் கீத பவனி, துணிக்கடை, கேக், பலகாரம் என்று ஓடி, 25ஆம் தேதி அதிகாலை ஆராதனையில் பாதிப் பேர் தூங்குகிறோம். இதன் ஆவிக்குரிய பொருளைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். நட்சத்திரம் இதைக் குறிக்கிறது, மெழுகுவர்த்தி அதைக் குறிக்கிறது என்று பட்டியல் போட்டால் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளித் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். கைக்கு வேலை கொடுங்கள்.

இந்தப் பண்டிகைக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை கொண்டாட்டத்துக்காக அல்ல, காத்திருப்பதற்காகவே ஒதுக்கியது. அந்தக் காலத்துக்கு அட்வென்ட் என்று பெயர். அப்போது மெழுகுவர்த்தி ஏற்றும் அட்வென்ட் வளையத்தின் கதையும் அப்படிப்பட்டதே. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் நடத்திய யோகான் விச்செர்ன் என்ற லுத்தரன் ஊழியர், கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றவிட்டார் என்பார்கள்.

நமக்குச் சக்கரம் வேண்டாம், சிரட்டை போதும். குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று கேழ்வரகு முளைக்க வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதல்லவா? இப்போது அதைப் பலர் விட்டுவிட்டு பிளாஸ்டிக் புல் வாங்குகிறார்கள். ஓர் இரவு ஊறவைத்த கேழ்வரகை, டிசம்பர் 14 வாக்கில், ஈரமணல் நிரப்பிய சிரட்டைகளில் தூவிப் பிள்ளைக்கு ஒரு சிரட்டை என்று ஒப்படைத்துவிடுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது அவர்கள் பொறுப்பு. எங்கள் வீட்டில் ஒரு வருடம் பேரன் தினமும் விரலால் மணலைக் கிளறிக் கிளறிப் பார்த்ததில், அவன் சிரட்டையில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. “பார்க்காம இருந்தாத்தான் முளைக்குமா தாத்தா?” என்று கேட்டான். நாற்பது வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவன் நான், அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

குடிலை முன்கூட்டியே கட்டினாலும், குழந்தையைக் கிடத்தும் தீவனத் தொட்டியான முன்னணையைக் காலியாக விடுங்கள். குழந்தை 24ஆம் தேதி இரவுதான் வரவேண்டும். 1223இல் கிரெச்சியோ என்ற இத்தாலிய மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் குடில் அமைத்தபோதும் வைக்கோல் நிறைந்த முன்னணை ஒன்றும், உயிருள்ள மாடும் கழுதையுமே இருந்தன. குழந்தையைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளின் பொம்மைகளை ஜன்னல் ஓரத்தில் தொடங்கி நாளுக்கு ஒரு சாண் நகர்த்திக்கொண்டு வந்து ஜனவரி 6இல் சேர்த்துவிடலாம். அவர்கள் மூவர் என்று மத்தேயு எழுதவில்லை என்பதையும், பிள்ளையை வீட்டுக்குள் கண்டதாகவே எழுதியிருக்கிறார் என்பதையும் பிள்ளைகளே வாசித்துக் கண்டுபிடிக்கட்டும்.

கீத பவனியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். காணிக்கை நன்றாக விழும் தெருவில் தொடங்காமல், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மூப்பர் ஒருவரின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே டிரம்மை அடக்கி வாசிக்கலாம்.

கேள்வி: இங்கே பள்ளியில் எல்லாமே சாண்டாதான். அவர் உண்மையில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடலாமா?
– வாசகி, டொரோண்டோ

பதில்: கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் வெறும் இல்லையோடு நிறுத்த வேண்டாம். இன்றைய துருக்கியில் உள்ள மீரா என்ற ஊரில் நிக்கொலா என்ற ஆயர் 4ஆம் நூற்றாண்டில் இருந்தார். வரதட்சிணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில் இரவோடு இரவாகப் பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்று மரபு சொல்கிறது. அவர் திருநாள் டிசம்பர் 6. அன்று உங்கள் பிள்ளைகள், யார் தந்தது என்று தெரியாதபடி யாருக்காவது எதையாவது கொடுக்கட்டும்.

உங்கள் ஊரில் எங்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. டிசம்பர் நடுவில் அங்கே மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள் என்ற ஏசாயாவின் வசனத்தை, விளக்கைப் போடாமல் ஜன்னலருகே உட்கார்ந்து, ஒரு மெழுகுவர்த்தியோடு வாசித்துப் பாருங்கள். இங்கே பிள்ளைகள் அந்நேரம் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: ஆகஸ்டில் அம்மா இறந்துபோனார்கள். இந்த வருடம் நட்சத்திரம் கட்டக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது என்கிறார் பெரியம்மா. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்குத் துக்கம் எதற்கு என்கிறார் எங்கள் சபைப் போதகரான ஐயர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பெரியம்மா பக்கம். துட்டி வீட்டில் முதல் வருடம் எண்ணெய்ச் சட்டி ஏற்றுவதில்லை என்பதை அவிசுவாசம் என்று நான் கருதவில்லை. மத்தேயு எழுதிய பிறப்பின் கதையிலேயே, ஆறுதல் அடையாமல் அழுகிற ராகேல் இருக்கிறாள். ஏரோது கொன்ற குழந்தைகளைத் திருச்சபை டிசம்பர் 28இல் நினைக்கிறது. கிறிஸ்துமஸுக்கும் அதற்கும் மூன்றே நாள் இடைவெளி. 2004இல் நம் கரையோரத்துக்கு அந்த மூன்று நாளும் கிடைக்கவில்லை. பண்டிகைக்கு மறுநாள் ஞாயிறு காலையில் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கடல் உள்ளே வந்தது.

ஆராதனைக்குப் போங்கள். பாட முடியாவிட்டால் உட்கார்ந்திருங்கள். அம்மா செய்யும் முந்திரிக்கொத்தை இனி யார் செய்வது என்று எழுதியிருந்தீர்கள், அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வருடம் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கொண்டுவரும் தட்டுகளை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனம் வராது என்றால், ஒரு கைப்பிடி சீனி போதும்.