தீபாவளிச் சீட்டு வேண்டாம்: சனிக்கிழமைக் கூலியில் சேமிப்பைத் தொடங்கும் வழி

கேள்வி: கணவர் விசைத்தறிக்குப் போகிறார். சனிக்கிழமைதான் கூலி. வாரத்துக்கு 4,500 ரூபாய்க்குள் வருகிறது. வியாழக்கிழமையே கை காலி. பக்கத்து வீட்டு அக்கா மாதம் 1,000 ரூபாய் தீபாவளிச் சீட்டில் சேரச் சொல்கிறார். சேரலாமா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: சேராதீர்கள். பெயரில்தான் அது சீட்டு. 1982-ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி நடக்கும் சீட்டுக்குப் பதிவுத்துறையின் முன் அனுமதி வேண்டும், ஏலம் நடக்கும், ஒப்பந்தத்தின் நகல் உங்கள் கைக்கு வரும். தீபாவளிச் சீட்டில் உங்களிடம் இருக்கப்போவது பன்னிரண்டு கட்டம் போட்ட ஓர் அட்டை மட்டும். 12,000 ரூபாய் கட்டி முடித்தால் வரும் இனிப்பு, பட்டாசு, எவர்சில்வர் பாத்திரம், துளியளவு தங்கக்காசு எல்லாவற்றுக்கும் கடை விலை போட்டுக் கூட்டிப் பாருங்கள். சேர்த்துவிடும் அக்காவைக் குறை சொல்லவில்லை. ஆள் சேர்த்தால் அவருக்கும் ஏதாவது சலுகை இருக்கும். ஆனால் நடத்துபவர் கடையைப் பூட்டிக்கொண்டு போனால் தெருவே அக்கா வீட்டு வாசலில்தான் நிற்கும். பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். பணம் திரும்பி வருவதற்குள் பல தீபாவளிகள் கடந்துவிடும்.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். மிச்சம் பிடிப்பது வேறு, சேமிப்பது வேறு. பருப்பில் 100 ரூபாய் மிச்சம் பிடித்தீர்கள் என்றால் அந்த நூறு அன்றைக்கே பர்ஸிலிருந்து வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் பஜ்ஜியாகிவிடும். கடுகு டப்பாவில் போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். டப்பா வீட்டில் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வாரம் 150 ரூபாய் போதும். கூலி கைக்கு வந்ததும், மளிகைக் கடைக்குப் போவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். அதை எங்கே பிடிப்பது? முதலில் ரேஷன். அரிசி அட்டைக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். "கூட்டமாக இருக்கிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டு, மாதக் கடைசியில் சரக்கு இல்லாமல் போனால் அதே பருப்பைக் கடையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவீர்கள். அடுத்தது கடை நோட்டு. கடனுக்கு வாங்கும் வீட்டில் பணம் ஒழுகுவது அரிசியில் அல்ல. குழந்தை கையில் நோட்டைக் கொடுத்தனுப்பி வாங்கும் பத்து ரூபாய், இருபது ரூபாய்ப் பொருள்களில். ஒரு மாதம், கடைக்காரர் எழுதும் ஒவ்வொரு வரியையும் அன்றன்றே படித்துப் பாருங்கள். இரண்டு முறை எழுதிய வரியும் அகப்படும். பெரிய பாக்கெட்தான் மலிவு என்றும் நம்ப வேண்டாம். விலையை மில்லியால் வகுத்துப் பாருங்கள். பல ஷாம்புகளில் பாட்டிலைவிடச் சின்ன சாஷேதான் மலிவு.

பணத்தைப் போட வேண்டிய இடம் தபால் அலுவலகம். 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். அந்த 500 எப்போதும் கணக்கில் இருக்கட்டும்; மார்ச் கடைசியில் அதற்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள். கூடவே மாதம் 500 ரூபாய்க்கு ஐந்து ஆண்டு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) ஒன்று. இப்போதைய வட்டி 6.7 சதவீதம்; தொடங்கும் நாளில் உள்ள வட்டி கடைசிவரை மாறாது. 30,000 கட்டினால் சுமார் 35,680 ரூபாய் கைக்கு வரும். வாரம் 150 என்றால் ஆண்டுக்கு 7,800. ஆர்.டி.க்கு 6,000 போக மீதி 1,800 சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எடுக்க வேண்டியது அதைத்தான். ஆர்.டி.யை மூன்று ஆண்டுக்கு முன் முடிக்க முடியாது. அவசரம் என்றால், 12 தவணை கட்டி ஓராண்டு ஆனபிறகு கட்டியதில் பாதிவரை கடன் கிடைக்கும்.

மாதத்தில் 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள்வரை நேரம் உண்டு. வாரக் கூலிக்காரர்களுக்கு இரண்டாவதுதான் வசதி, 20-ஆம் தேதிக்கு மேல் போய்த் தொடங்குங்கள். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் நான்கு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுவிடும்; இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டே ஆக வேண்டும். தண்டல் கடன் இருக்கிறதா? 10,000 என்று சொல்லி 9,000-ஐக் கையில் கொடுத்துவிட்டு, தினம் 100 ரூபாயாக நூறு நாள் வாங்குவார்களே, அந்தக் கடன். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசலும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது 75 சதவீதத்துக்கு மேல் போகிறது. அதைக் கட்டிக்கொண்டே 6.7 சதவீதத்துக்குச் சேமிப்பதில் அர்த்தமில்லை. அந்தக் கடன் முடியும்வரை ஆர்.டி. வேண்டாம். சேமிப்புக் கணக்கு மட்டும் தொடங்கி வாரம் 50 ரூபாய் போடுங்கள். அடுத்த தண்டல் வாங்காமல் இருப்பதற்கு. மீதி 100 ரூபாயைக் கடனோடு சேர்த்துக் கட்டுங்கள். ஆனால் முன்கூட்டிக் கட்டினால் எவ்வளவு குறைப்பார் என்று முதலிலேயே கேளுங்கள். ஒன்றும் குறைக்க மாட்டேன் என்றால் அந்த நூறையும் தபால் கணக்கிலேயே போடுங்கள். மகளிர் குழுவுக்கு வரும் மைக்ரோ பைனான்ஸ் கடன் அப்படியல்ல. அதை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வசூலுக்கு வருபவர் வேறு மாதிரி சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து ஆர்.டி. பணம் வாங்கும் முகவர்கள் உண்டு. அவர்களில் நல்லவர்கள் நிறைய. அவர்களுக்குக் கமிஷனை அரசே தருகிறது, நீங்கள் தனியாக ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. முகவர் தன் அட்டையில் போடும் கையெழுத்து மட்டும் போதாது. பாஸ்புக் அவரிடமே இருப்பதுதான் ஆபத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே போய்ப் பதிவு போட்டுப் பாருங்கள். வாங்கிய தவணையைக் கட்டாமல் புரட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்தப் பதிவில்தான். கவுன்டரில் "இன்ஷூரன்ஸ் பாலிசி போடுங்கள், இதுவும் சேமிப்புதான்" என்றால், உங்கள் நிலைமைக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடையில் நிறுத்தினால் கட்டியது முழுதாகத் திரும்பாது. நகைக்கடையின் 11 மாதத் திட்டத்திலும் கடைசியில் நகைதான் வரும், ரொக்கம் வராது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று உறுத்துகிறது. தினக்கூலி, வாரக்கூலிக்காரர்களுக்கு ஏற்ற திட்டம் இந்தத் தபால் சேமிப்பு. அதைத் தொடங்கப் போனால் "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். அந்த நாளைக்குத் தறி ஓடாது, கூலி கிடையாது. தீபாவளிச் சீட்டுக்காரர் வாசலுக்கே வருகிறார் என்றால், ஜனங்கள் அவரிடம் ஏன் கொடுக்கிறார்கள் என்று அதிகாரிகள் யோசிக்க வேண்டாமா? உங்கள் பக்கம் நீங்கள் செய்யக்கூடியது, ஒரே நடையில் முடிப்பது. ஆதார் அசலும் நகலும், பான் அட்டை (இல்லையென்றால் பான் இல்லாதவர்களுக்கான உறுதிமொழிப் படிவம் கேளுங்கள்), புகைப்படம் மூன்று, ஆயிரம் ரூபாய். சேமிப்புக் கணக்கு, ஆர்.டி. இரண்டுக்கும் படிவம் வாங்கி, நாமினி பெயரை விடாமல் எழுதுங்கள். மாதாமாதம் 500 ரூபாய் ஆர்.டி.க்குத் தானாக மாறவும் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். இரண்டு பாஸ்புக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.