1,900 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரியில் வேக்சர்ஃபிங் செய்யப் படகுக்கு 350 குதிரைத்திறன் இன்ஜின் போதுமா?

வேக்சர்ஃபிங் என்பது படகு எழுப்பும் அலையில் பலகைமேல் நின்று சறுக்கும் விளையாட்டு; படகைத் தாழ்த்தி அந்த அலையைப் பெரிதாக்கத் தொட்டிகளில் நிரப்பும் தண்ணீர்தான் பாலாஸ்ட். நான்கைந்து பேர், பாதி பாலாஸ்ட் என்றால் சமாளித்துவிடலாம். தொட்டிகளை எல்லாம் நிரப்பி, பத்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு தோள் உயர அலை வேண்டும் என்றால் போதாது. விற்பனைத் தாளில் 350 என்று அச்சிட்டிருந்தாலும் அந்த உயரத்தில் உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 285தான்.

கணக்கு எளிது. காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜரோ டர்போவோ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். அமெரிக்காவில் 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கும் டாஹோ ஏரியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொலராடோவின் டில்லன் நீர்த்தேக்கம் சுமார் 2,750 மீட்டரில் இருக்கிறது. அங்கே 400 குதிரைத்திறன் இன்ஜினுக்கு 290 மிஞ்சினால் பெரிது. மதிய வெயிலில் காற்று மேலும் விரிவதால் இதிலும் கொஞ்சம் போகும். காற்றுதான் இப்படி மெலிகிறது, தண்ணீர் மெலிவதில்லை. 1,500 லிட்டர் பாலாஸ்ட் எந்த மலைக்குப் போனாலும் ஒன்றரை டன்தான். படகின் அடிப்பாகத்தைத் தண்ணீர் இழுத்துப் பிடிக்கும் பிடியும் குறையாது.

"இப்போதைய இன்ஜின்களில் கணினி இருக்கிறது, எல்லாவற்றையும் அதுவே சரிசெய்துகொள்ளும்" என்று விற்பவர் சொல்வார். என்னிடமும் சொன்னார்கள். அந்தக் கணினி செய்வது, உள்ளே வரும் காற்றின் அளவுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைப்பது மட்டுமே. வரவு குறைந்த வீட்டில் செலவைக் குறைப்பது போல. வரவைக் கூட்டித் தர அதற்கு வழியில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய இன்ஜினில் அதுவும் நடக்காது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற துளையை மாற்றாவிட்டால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை தள்ளும்.

நான் முதலில் வாங்கியது 5.7 லிட்டர் வி8 இன்ஜின் பொருத்திய பழைய படகு, 330 குதிரைத்திறன். முந்தைய உரிமையாளர் தாழ்வான ஓர் அணைக்கட்டில் அருமையாக ஓட்டிக் காட்டினார். மேலே கொண்டுவந்து பாலாஸ்டை நிரப்பிய முதல் நாள், முன்முனை வானத்தைப் பார்த்து நின்றுவிட்டது. எதிரே என்ன வருகிறது என்றே தெரியவில்லை. த்ராட்டிலை முழுக்கத் தள்ளியும் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. சர்ஃபிங்குக்கு 16 முதல் 19 வரை வேண்டும். ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், பெட்ரோல் பம்பை மாற்றினேன்; இரண்டும் வீண்செலவு. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் ஏறி உட்கார்ந்து, வழக்கமான சுமையோடு ஒரு முறை ஓட்டச் சொல்லி இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்தார். முழு த்ராட்டிலில் 4,300. கையேடு கேட்பது 4,600 முதல் 5,000 வரை. "இன்ஜினுக்கு ஒன்றுமில்லை தம்பி, புரொப்பல்லரைக் கழற்று" என்றார்.

படகைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறதோ, அதுதான் பிட்ச். அது அதிகமாக இருந்தால், திறன் குறைந்த இன்ஜினால் அதை வேகமாகச் சுழற்ற முடியாது. பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் ஆர்.பி.எம். தோராயமாக 150 முதல் 200 வரை ஏறும். நான் இரண்டு அங்குலம் குறைத்தேன். உச்ச வேகம் போயிற்று, ஆனால் சர்ஃபிங்குக்கு உச்ச வேகம் எதற்கு? அதே படகு, பாலாஸ்டில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பினால் தடுமாறாமல் எழுந்தது. ஆகவே ஏற்கெனவே படகு வைத்திருப்பவர்கள் இன்ஜினைப் பழிப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கியர் விகிதத்தையும் கேளுங்கள். இன்ஜின் ஒன்றரை அல்லது இரண்டு சுற்றுச் சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்றுச் சுற்றும்படி இருந்தால், விட்டம் பெரிய புரொப்பல்லரை மெதுவாகவும் பலமாகவும் சுழற்றலாம். நிறைந்த பாலாஸ்டோடு படகைக் கிளப்ப அதுதான் உதவும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், 1,900 மீட்டருக்கு 6 லிட்டரோ 6.2 லிட்டரோ உள்ள, 400 குதிரைத்திறனுக்குக் குறையாத வி8 இன்ஜினை எடுப்பேன். உச்சக் குதிரைத்திறனைப் பார்த்து மயங்க வேண்டாம்; 2,500, 3,000 ஆர்.பி.எம்.மில் முறுக்குவிசை எவ்வளவு என்று கேளுங்கள். 2,500 மீட்டருக்கு மேலே போகிறவர்கள் சூப்பர்சார்ஜர் வைத்ததைப் பார்க்கலாம். அதற்கு உயரமே உறைக்காது என்பது விளம்பரப் பேச்சு. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரும் மெலிந்த காற்றைத்தான் இழுக்கிறது, அதுவும் இழக்கும். தொடக்கத்திலேயே கையிருப்பு அதிகம் என்பதால் இழந்த பிறகும் மிச்சம் இருக்கிறது. உயரத்தை ஓரளவு உண்மையாகவே ஈடுகட்டக்கூடியது டர்போ, ஆனால் சர்ஃபிங் படகுகளில் அது அரிது.

சூப்பர்சார்ஜர் எடுத்தால் பெட்ரோலில் சிக்கனம் பார்க்காதீர்கள். அமெரிக்க மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் (ஆக்டேன் என்பது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு). உயரம் அதிகம், அதுவே போதும் என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு எழுந்தது சாதாரணக் கார் இன்ஜின்களை வைத்து. காற்றை அழுத்தி ஊட்டும் இன்ஜினில் கையேடு கேட்கும் ஆக்டேனுக்குக் கீழே போனால் பெட்ரோல் தானாகவே வெடிக்கும் நாக்கிங் வந்து பிஸ்டனையே பதம் பார்த்துவிடும்.

மின்மோட்டார் படகுக்குக் காற்றே தேவையில்லை, எனவே இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பாலாஸ்டோடு ஓட்டும்போது பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் அங்கே கேள்வி.

திறன் வேண்டும் என்பதற்காகப் இன்ஜினைப் பின்புறத்துக்கு வெளியே மாட்டிய பெரிய அவுட்போர்டு படகின் பின்னால் சர்ஃபிங் செய்ய நினைக்காதீர்கள். கயிற்றை விட்டுவிட்டுப் படகுக்கு மிக அருகில் சறுக்கும் விளையாட்டு இது. விழுந்தால் பின்னால் சுழலும் புரொப்பல்லர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். படகின் அடியில் புரொப்பல்லர் இருக்கும் இன்போர்டு வகைதான் வேண்டும். இன்ஜின் உள்ளேயும் புரொப்பல்லர் அலகு பின்புறத்தில் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவில், புரொப்பல்லர் முன்னோக்கி இருந்தால் அதுவும் சரி. கார்பன் மோனாக்சைடும் பின்பக்கத்தில்தான் தேங்கும், குழந்தைகளை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், நீங்கள் ஓட்டப்போகும் ஏரியிலேயே, பிற்பகல் இரண்டு மணிக்கு, பாலாஸ்டை நிரப்பி, வழக்கமாக வரும் ஆட்களையும் ஏற்றி ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நின்ற நிலையிலிருந்து 18 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி ஆகிறது, முழு த்ராட்டிலில் முள் எங்கே நிற்கிறது, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வரச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.